கல்லின் பெயரைத் தேடிப்போன வைத்தியர்: அக்ரிகோலா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனிமவியல் வரலாற்றை எந்தப் புத்தகத்தில் படித்தாலும் முதல் சில பக்கங்களுக்குள் ஜார்ஜியஸ் அக்ரிகோலா வந்துவிடுவார். "கனிமவியலின் தந்தை" என்று ஒரு வரி. அதோடு அவரை அனுப்பிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த ஒரு வாத்தியார், பிறகு வைத்தியரானவர், கடைசியில் கல்லைப் பற்றி எழுத வந்தது ஏன் என்று அந்த வரி சொல்லாது. அந்த "ஏன்"தான் எனக்குச் சுவையாகப் படுகிறது. கேள்விகளும் பெரும்பாலும் அதைச் சுற்றியே வருகின்றன.

அக்ரிகோலா யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1494 மார்ச் 24 அன்று, இன்றைய ஜெர்மனியின் கிழக்கே உள்ள சாக்சனிப் பகுதியின் கிளௌகாவ் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பாவுக்குத் துணித் தொழில். லைப்சிக் பல்கலைக்கழகத்தில் படித்து, ட்ஸ்விக்காவ் நகரப் பள்ளியில் மொழி கற்பித்தார். 1520-இல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகம் ஒரு லத்தீன் இலக்கண நூல். அதன்பிறகு மருத்துவம் படிக்க இத்தாலி போய், திரும்பிவந்து சுரங்க ஊர் ஒன்றில் வைத்தியரானார். பின்னாளில் கெம்னிட்ஸ் நகரத்தின் மேயராக நான்கு முறை இருந்தார். 1555 நவம்பர் 21 அன்று இறந்தார்.

அது அவருடைய சொந்தப் பெயர்தானா?

இல்லை. வீட்டில் வைத்த பெயர் கியோர்க் பவுவர். பவுவர் என்றால் ஜெர்மனில் உழவர். அந்தக் காலத்து அறிஞர்களுக்குத் தங்கள் பெயரை லத்தீனில் மாற்றிக்கொள்ளும் மோகம் உண்டு. இவரும் உழவரை லத்தீனில் போட்டு அக்ரிகோலா ஆகிவிட்டார். இதனால் இவர் வேளாண்மை பற்றி எழுதியவர் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஃபின்னிஷ் மொழிக்கு எழுத்து வடிவம் தந்த மிக்கேல் அக்ரிகோலா வேறொருவர். பிரிட்டனை ஆண்ட ரோமானியத் தளபதி அக்ரிகோலா இன்னும் பழையவர்.

மொழி வாத்தியாருக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம்?

மருந்துதான் சம்பந்தம். மருந்தின் பெயர் என்றால் இன்னும் சரியாக இருக்கும்.

மறுமலர்ச்சிக் கால அறிஞர்களின் பெரிய வேலை, பழைய கிரேக்க, லத்தீன் நூல்களைத் தேடி எடுத்து, பிழை நீக்கிப் பதிப்பிப்பது. நம் உ.வே.சா. ஏடுகளோடு பட்ட பாட்டை நினைத்துக்கொண்டால் அந்த உலகம் பிடிபடும். அக்ரிகோலா வெனிஸில் ஆல்டஸ் அச்சகத்தில் இருந்தபோது, கிரேக்க மருத்துவர் காலனின் நூல்களை மூல மொழியிலேயே பதிப்பிக்கும் பணியில் பங்கெடுத்தார். அந்தப் பதிப்பு 1525-இல் வந்தது.

காலன், தியோஸ்கோரிதீஸ் போன்றோரின் மருத்துவ நூல்களில் மூலிகைகளோடு கல்லும் மண்ணும் உப்பும் மருந்தாக வருகின்றன. பெயர் இருக்கிறது, குணம் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயருக்குரிய பொருள் எது? "கட்மியா" என்று நூல் சொன்னால், மருந்துக்கடைக்காரர் எந்தப் பொடியை எடுத்துக் கொடுப்பார்? ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நூலைப் பார்த்து நூல் எழுதியவர்கள், சொல்லை மட்டும் கைமாற்றிவிட்டுப் பொருளைத் தொலைத்திருந்தார்கள். ஏட்டில் சந்தேகம் வந்தால் இன்னொரு ஏட்டோடு ஒப்பிடலாம். இங்கே ஒப்பிட வேண்டிய மூலப்பிரதி மலைக்குள் இருந்தது.

கனிமவியல் இப்படித்தான் தொடங்கியது என்பது என் கட்சி. பதிப்பாசிரியர் ஒருவருக்குச் சொல்லில் சந்தேகம் வந்தது. அவர் சுரங்கத்துக்குப் போய் அதைத் தீர்த்துக்கொள்ளப் பார்த்தார்.

எந்தச் சுரங்கத்துக்குப் போனார்?

1527-இல் யோவாகிம்ஸ்டால் என்ற ஊருக்கு நகர வைத்தியராகப் போனார். பொஹீமியாவில், தாதுமலை எனப்படும் எர்ட்ஸ்கெபிர்கே மலைத்தொடரில் இருக்கிறது. இன்று செக் நாட்டில், யாக்கிமோவ் என்ற பெயரில்.

வெள்ளி கிடைத்ததால் 1516-இல் திடீரென்று முளைத்த ஊர் அது. 1530-களில் சுமார் 18,000 பேர் அங்கே வாழ்ந்தார்கள். அந்த வெள்ளியில் 1520 முதல் அடித்த நாணயத்துக்கு "யோவாகிம்ஸ்டாலர்" என்று பெயர். நீளமாக இருக்கிறதென்று மக்கள் "டாலர்" (ஜெர்மன் உச்சரிப்பில் தாலர்) என்று வெட்டிக்கொண்டார்கள். அமெரிக்க டாலர் வரை போனது அந்தச் சொல்தான். பல நூற்றாண்டுகள் கழித்து மேரி கியூரி ரேடியத்தைப் பிரித்தெடுத்ததும் இதே ஊர்ச் சுரங்கக் கழிவிலிருந்து. ஒரு சின்னப் பள்ளத்தாக்குக்கு இவ்வளவு வரலாறு தேவையா என்று தோன்றும்.

அக்ரிகோலா நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சுரங்கத்திலும் உலைக்களத்திலும் கழித்தார். தொழிலாளர்களிடமும் மேஸ்திரிகளிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் "காட்டஸ்காப்" (கடவுளின் கொடை) என்ற வெள்ளிச் சுரங்கத்தில் பங்கும் வாங்கினார். அது நல்ல லாபம் தந்தது. படிப்பாளிகள் பங்குச்சந்தையில் கோட்டைவிடுவார்கள் என்ற பொதுவிதிக்கு இவர் விலக்கு.

அங்கே என்ன எழுதினார்?

"பெர்மானுஸ்". 1530-இல் பேசல் நகரத்தில் ஃப்ரோபன் அச்சகம் வெளியிட்ட சிறுநூல். முழுக்க உரையாடல். மூன்று பேர் சுரங்கப் பகுதியில் நடந்துகொண்டே பேசுகிறார்கள். இரண்டு பேர் வைத்தியர்கள்: ஒருவர் அரபு மருத்துவ நூல்களில் கரைகண்டவர், மற்றவர் கிரேக்க, லத்தீன் நூல்களில். மூன்றாமவர் பெர்மான், சுரங்கம் தெரிந்தவர். இந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரியாக நிஜமாகவே அந்தப் பெயரில் ஒரு சுரங்க நண்பர் அக்ரிகோலாவுக்கு இருந்தார்.

வழியில் ஒரு கல்லை எடுப்பார்கள். வைத்தியர் இருவரும் பழைய ரோமானிய அறிஞர் பிளினி இப்படிச் சொல்கிறார், இப்னு சீனா அப்படிச் சொல்கிறார் என்று பேசுவார்கள். பெர்மான், எங்கள் ஆட்கள் இதற்கு இன்ன பெயர் சொல்கிறார்கள், தீயில் போட்டால் இப்படி ஆகும் என்பார். சில சமயம் பழைய சொல்லும் கையிலிருக்கும் கல்லும் பொருந்தும். சில சமயம், முன்னோர்களுக்கு இந்தப் பொருளே தெரிந்திருக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள நேரும். அந்தக் காலத்தில் இந்த ஒப்புதல் சாதாரணமில்லை.

ஐரோப்பாவின் பெரிய அறிஞர் இராஸ்மஸ் இந்நூலுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தப் பள்ளத்தாக்குகளையும் குன்றுகளையும் இயந்திரங்களையும் படிப்பதுபோல் இல்லை, நேரில் பார்ப்பதுபோல் இருக்கிறது என்பது அவர் பாராட்டின் சாரம்.

அவருடைய முக்கிய நூலின் தலைப்பில் "ஃபாசில்" வருகிறதே. தொல்லுயிர் எச்சங்களைப் பற்றியதா?

இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். 1546-இல் வந்த நூல் "தே நாதுரா ஃபொசிலியும்". லத்தீனில் தோண்டுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது ஃபாசில். அன்று மண்ணைத் தோண்டி எடுத்த எதுவும் ஃபாசில்தான்: தங்கம், களிமண், வைரம், கல்லான சிப்பி, எல்லாம். உயிர் எச்சங்களுக்கு மட்டும் என்று அந்தச் சொல் சுருங்கியது மிகவும் பிந்தி. ஆக, தலைப்பைத் தமிழில் "தோண்டியெடுக்கும் பொருள்களின் இயல்பு" என்று சொல்லலாம். நம் "கனிமம்" என்ற சொல்லும் சுரங்கத்தைக் குறிக்கும் "கனி" என்பதிலிருந்து வந்ததுதான். பழத்துக்கும் அதற்கும் உறவில்லை.

அதில் அப்படி என்ன புதுமை?

அகரவரிசையைக் கைவிட்டது முதல் புதுமை. இடைக்காலக் கல் நூல்கள் பெரும்பாலும் பெயர்ப் பட்டியல்கள். ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் அது பாம்புக்கடிக்கு நல்லது, இது பேயை விரட்டும், அது சனிக்கு உரியது என்று எழுதியிருக்கும். அக்ரிகோலா கேட்ட கேள்வி வேறு: கண், கை, நாக்கு, மூக்கு இவற்றால் இந்தப் பொருளைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

நிறம் என்ன? ஒளி ஊடுருவுகிறதா? மேற்பரப்பு மிளிர்கிறதா, மங்கலா? கையில் எடுத்தால் கனக்கிறதா? தட்டினால் பொடிகிறதா, தகடாகப் பிரிகிறதா? தண்ணீரில் கரைகிறதா? நெருப்பில் உருகுகிறதா, எரிகிறதா, எரிந்தால் என்ன வாசனை? தொட்டால் வழவழப்பா, சொரசொரப்பா? வடிவம் எத்தனை மூலை? நாக்கில் வைத்தால் உப்பா, துவர்ப்பா, கசப்பா? படிகாரத்தை நாக்கில் வைத்தவர்களுக்கு அந்தத் துவர்ப்பு மறக்காது. அவருக்கு அது ஓர் அடையாளக் குறி. (மனோசிலையையும் அரிதாரத்தையும் யாரும் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். இரண்டிலும் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கிறது.)

இந்தக் குணங்களை வைத்துப் பொருள்களைக் குலம் குலமாகப் பிரித்தார். மண் வகைகள் ஒன்று. "உறைந்த சாறுகள்" இன்னொன்று: உப்பு, வெடியுப்பு, படிகாரம், அன்னபேதி, துத்தம் போன்றவை ஒருபுறம்; கந்தகம், நிலக்கீல், அரிதாரம் போன்ற எண்ணெய்ப் பசையுள்ளவை மறுபுறம். அடுத்து கற்கள்: காந்தக்கல், ஜிப்சம் போன்றவை, மணிகள், பளிங்குகள், பாறைகள் என்று உள்பிரிவுகள். பிறகு உலோகங்கள். கடைசியில், இவை ஒன்றோடொன்று கலந்து கிடப்பவை.

இன்றைய நிலவியல் மாணவர் ஆய்வுக்கூடத்தில் ஒரு கல்லைக் கையில் எடுத்து நிறம், மிளிர்வு, பிளவு, கடினத்தன்மை என்று குறிப்பேட்டில் எழுதுகிறாரே, அந்தப் பத்திகளின் பூர்விகம் இங்கேதான். நாக்கு மட்டும் ஏறக்குறைய ஓய்வு பெற்றுவிட்டது.

அவர் வைத்த பெயர்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளனவா?

உங்கள் குளியலறையிலேயே ஒன்று இருக்கிறது. பற்பசை டப்பாவில் "ஃப்ளோரைடு" என்று எழுதியிருக்கும்.

அதன் கதை இது. சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஊதா, பச்சை, மஞ்சள், வெள்ளை என்று பல நிறத்தில் ஒரு கல் கிடைத்துவந்தது. பார்க்க ரத்தினம் மாதிரி இருக்கும். ஆனால் ரத்தினத்தின் கடினம் கிடையாது. உலையில் தாதுவோடு சேர்த்துப் போட்டால் தாது எளிதில் உருகி ஓடும். அதனால் ஜெர்மனில் அதற்கு "ஓட்டம்" என்ற பொருளில் பெயர். பெர்மானுஸில் இந்தக் கல் வெயிலில் பனிக்கட்டி போலத் தீயில் உருகி ஓடுகிறது என்று எழுதிய அக்ரிகோலா, தொழிலாளர் சொல்லை அப்படியே லத்தீனாக்கி "ஃப்ளுவோரெஸ்" என்றார். அதிலிருந்து கனிமம் ஃப்ளோரைட். அதற்குள் ஒளிந்திருந்த தனிமம் ஃப்ளோரின். அதைத் தனியே பிரிக்க 1886-இல் மோய்சான் வரவேண்டியிருந்தது. இந்தக் கனிமம் புறஊதா ஒளியில் ஒளிர்வதைப் பார்த்து 1852-இல் ஸ்டோக்ஸ் வைத்த பெயர் ஃப்ளோரசன்ஸ். உலைக்களத்தில் வியர்வை சிந்திய யாரோ ஒருவரின் பேச்சுச் சொல், டியூப்லைட் வரை வந்திருக்கிறது.

பிஸ்மத்தும் அப்படியே. "விஸ்முத்" என்ற சுரங்கச் சொல்லை லத்தீனில் எழுதி, இது ஈயமும் இல்லை, வெள்ளீயமும் இல்லை, மூன்றாவது ஒன்று என்றார். முன்னோர் அறியாத உலோகம் என்று துணிந்து சொன்ன இடம் அது.

பசால்ட் வேறு மாதிரி. அது பிளினியின் சொல். சாக்சனியில் ஸ்டோல்பன் கோட்டை நிற்கும் கருங்குன்றில் பாறை தூண் தூணாக நிற்கும். அதைப் பார்த்து, பிளினி சொன்னது இதைத்தான் என்று அந்தப் பெயரைப் பொருத்தினார். பெயர் நிலைத்துவிட்டது.

கோபால்ட் கொஞ்சம் இருட்டுக் கதை. வெள்ளி போல ஏமாற்றி, உருக்கினால் நச்சுப்புகை விட்டு, தொழிலாளர் கைகால்களை அரித்த தாதுக்கு, "கோபோல்ட்" என்ற குட்டிச்சாத்தானின் பெயரை வைத்திருந்தார்கள். அந்த அரிப்பை அக்ரிகோலா பதிவு செய்தார். அரித்தது ஆர்செனிக்; பழி மட்டும் கோபால்ட்டுக்கு.

அவருக்கு முன் யாருமே கனிமங்களைப் பற்றி எழுதவில்லையா?

எழுதினார்கள். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃபிராஸ்டஸ் கற்களைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். பிளினி தன் கலைக்களஞ்சியத்தின் கடைசிப் பகுதிகளை இதற்கே ஒதுக்கினார். இப்னு சீனா கனிமங்களைக் கற்கள், உருகுபவை, கந்தகங்கள், உப்புகள் என்று நான்காகப் பகுத்தார். அல்-பிரூனி ரத்தினங்களின் அடர்த்தியை அளந்தே பார்த்தார். அந்த ஒரு விஷயத்தில் ஐந்நூறு ஆண்டுகள் கழித்து வந்த அக்ரிகோலாவைவிட அவர் முன்னால் நிற்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் ஆல்பர்ட்டஸ் மாக்னஸ் சுரங்கங்களுக்குப் போய்ப் பார்த்து எழுதினார்.

தொழில்நுட்பப் பக்கத்தில் இத்தாலியரான பிரிங்குச்சியோவின் உலோக நூல் 1540-இல் வெளிவந்துவிட்டது. அக்ரிகோலா அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்கிறார்.

"தந்தை" என்ற பட்டத்தைச் சூட்டியவர் 18-ஆம் நூற்றாண்டில் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரியில் கற்பித்த வெர்னர் என்பார்கள். அவரும் சாக்சனிப் பகுதிக்காரர், அவரும் புற அடையாளங்களைக் கொண்டு கனிமங்களைப் பிரித்தவர். ஊர்ப்பாசம் கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனாலும் முறை, பெயர், நேரடிப் பார்வை மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்தவர் என்ற வகையில் பட்டம் தவறில்லை.

மலைக்குள் தாது எப்படி வந்தது என்று நினைத்தார்?

நட்சத்திரங்களும் கிரகங்களும் உலோகத்தை விளைவிக்கின்றன, தங்கத்துக்குச் சூரியன், வெள்ளிக்குச் சந்திரன் என்பது அன்றைய பொது நம்பிக்கை. இவர் அதை ஏற்கவில்லை. "தே நாதுரா ஃபொசிலியும்" நூலோடு சேர்த்து 1546-இல் வந்த தொகுப்பில் இருக்கும் இன்னொரு நூலில், பாறை முதலில் உண்டானது, அதில் பிளவுகள் பின்னால் ஏற்பட்டன, நிலத்தடியில் ஓடும் நீர் கரைத்துக் கொண்டுவந்த பொருள்கள் அந்தப் பிளவுகளில் படிந்து தாது ரேகைகளாயின என்று வாதிட்டார். ரேகை பாறையைவிட இளையது என்ற இந்த ஒரு கருத்துக்காகவே நிலவியல்காரர்கள் அவருக்கு நாற்காலி போடுவார்கள்.

படிந்தது எப்படி என்ற விளக்கத்தில் மட்டும் வெப்பம், குளிர், "கல்லாக்கும் சாறு" என்று அரிஸ்டாட்டில் வாசனை பலமாக அடிக்கும்.

புகழ்பெற்ற "தே ரே மெதாலிக்கா" எது?

உலோகத் தொழிலைப் பற்றிய பெருநூல். 12 பகுதிகள், 290 அளவில் மரச்செதுக்குப் படங்கள். எழுதி முடித்தது 1550 வாக்கில். படங்களைச் செதுக்குவது இழுத்துக்கொண்டே போனது. 1556 மார்ச்சில் பேசலில் அச்சாகி வந்தபோது அவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தாது தேடுவதில் தொடங்கி, சுரங்கம் அளப்பது, நீர் இறைப்பது, தாதுவைச் சோதிப்பது, இடித்துக் கழுவுவது, உருக்குவது, தங்கத்தையும் வெள்ளியையும் பிரிப்பது, கடைசியில் உப்பும் கண்ணாடியும் காய்ச்சுவது வரை போகும்.

படங்களைப் பார்த்தால் விட மனசு வராது. மலைச்சரிவை வெட்டிக் காட்டியது போல உள்ளே குழிகள்; ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எழுத்து; கீழே அந்த எழுத்துக்கு விளக்கம். 36 அடி விட்டமுள்ள ஒரு நீர்ச்சக்கரத்தில் இரண்டு வரிசைத் தகடுகள் எதிரெதிர்த் திசையில் இருக்கும். ஒரு வரிசையில் தண்ணீர் விழுந்தால் வாளி மேலே வரும், மறு வரிசையில் விழுந்தால் சக்கரம் திரும்பிச் சுற்றும். வெறும் சொல்லால் எழுதினால் பின்னால் வருகிறவர்களுக்குப் புரியாமல் போகும் என்று தன் செலவில் ஓவியர்களை வைத்து வரையச் சொன்னதாக முன்னுரையில் எழுதுகிறார். பெயரை மட்டும் விட்டுச்சென்ற முன்னோர்களால் பட்ட பாடு அவருக்குத்தானே தெரியும்.

நம்மவர்களுக்கு உடனே பிடிபடும் இடம் ஏழாம் பகுதி. பொன்னை உரைகல்லில் உரசி மாற்றுப் பார்ப்பதை விளக்குகிறார். பொன்னும் வெள்ளியும் வெவ்வேறு அளவில் கலந்த 24 ஊசிகள், ஒரு காரட்டுக்கு ஒன்று. சோதிக்க வேண்டிய நகையைக் கல்லில் ஒரு கோடு. பக்கத்தில் ஊசியால் ஒரு கோடு. எந்த ஊசியின் நிறம் ஒத்துப்போகிறதோ அதுதான் மாற்று. நம் பத்தர்களும் உரையாணி வைத்து இதையே செய்தார்கள்.

தொழிலாளர்களைப் பற்றி ஏதாவது சொல்கிறாரா?

நிறைய. ஒரு நாளை ஏழு ஏழு மணி நேரமாக மூன்று ஷிஃப்ட்டாகப் பிரிக்கிறார்கள். மிச்ச மூன்று மணி நேரம் ஆள் மாறுவதற்கான இடைவெளி. இரவு ஷிஃப்ட் அவசியம் இருந்தால் மட்டும். தூக்கமும் அலுப்பும் தெரியாமலிருக்கப் பாடிக்கொண்டே வேலை செய்வார்கள். சனிக்கிழமை சாமான் வாங்கவென்று விடுமுறை.

வைத்தியர் கண்ணோடு எழுதிய பக்கங்கள் கனமானவை. தூசி மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலை அரிக்கிறது என்கிறார். கார்பேத்திய மலைச் சுரங்கங்களில், ஏழு கணவர்களை ஒருவர்பின் ஒருவராக இந்த நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் இருக்கிறார்கள் என்று எழுதுகிறார். முகத்தை மூட மெல்லிய திரை, முழங்கை வரை கையுறை, குழிக்குள் காற்றடிக்கத் துருத்தியும் விசிறியும் என்று வழிகளும் சொல்கிறார்.

யோவாகிம்ஸ்டாலுக்கு அருகிலுள்ள ஷ்னேபெர்க் சுரங்கத் தொழிலாளர்களின் நெஞ்சு நோய் நுரையீரல் புற்றுநோய் என்று 1879-இல்தான் தெரிந்தது. யுரேனியத் தாதுவிலிருந்து கசியும் ரேடான் வாயுதான் அதற்குக் காரணம் என்பது இன்னும் பிறகு.

சுரங்கத்தால் காடும் ஆறும் கெடுவதை அவர் யோசித்தாரா?

யோசித்தார். முதல் பகுதி முழுக்க வழக்குமன்றம் போல. எதிர்த்தரப்பு வாதத்தை ஒளிக்காமல் வைக்கிறார்: மரங்களை வெட்டித் தள்ளுகிறார்கள், காடு போனதும் விலங்கும் பறவையும் போகின்றன, தாது கழுவிய நீர் ஓடைகளை நஞ்சாக்கி மீனைக் கொல்கிறது. இதை எழுதியது 1550-க்கு முன் என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

பதில் அவ்வளவு பலமில்லை என்பது என் கருத்து. சுரங்கங்கள் விளைச்சல் இல்லாத மலைகளில்தான் இருக்கின்றன, மரம் வெட்டிய இடத்தில் பயிர் செய்யலாம், உலோகம் இல்லாவிட்டால் மனிதன் காட்டுமிராண்டியாகத் திரிவான் என்று போகிறது. செத்த மீனுக்கு நேரடி விடை இல்லை. கையில் சுரங்கப் பங்கு வைத்திருந்தவர் என்பதையும் மறக்கக்கூடாது.

குச்சி வைத்துத் தாது தேடுவதை நம்பினாரா?

நம் ஊரில் வேப்பங்குச்சியோ தேங்காயோ வைத்துக் கிணற்றுக்கு நீரோட்டம் பார்ப்பதுபோல, அங்கே கவைக்குச்சி வைத்து வெள்ளி பார்த்தார்கள். ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒவ்வொரு மரக்குச்சி. அக்ரிகோலா இருதரப்பையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு, விவரமுள்ள சுரங்கக்காரருக்குக் குச்சி தேவையில்லை என்று முடிக்கிறார். நிலமே அடையாளம் காட்டும்: ரேகை ஓடும் இடத்தில் புல்மேல் உறைபனி படியாது, மரத்தின் இலை நிறம் மாறி வெளிறும், ஊற்று நீரில் குறிப்பு கிடைக்கும்.

ரசவாதத்தை?

கேலி செய்தார். இத்தனை பேர் இரவும் பகலும் பொன் செய்கிறார்களே, உண்மையென்றால் ஊரெல்லாம் தங்கம் நிரம்பி வழிந்திருக்க வேண்டுமே என்று முன்னுரையிலேயே கேட்கிறார்.

அப்படியானால் மூடநம்பிக்கையே இல்லாதவரா?

இல்லை. சுரங்கப் பூதங்களை நம்பினார். 1549-இல் நிலத்தடி உயிர்களைப் பற்றி எழுதிய நூலில், எலிக்கும் வளை தோண்டும் பிராணிகளுக்கும் பிறகு பூதங்களும் வருகின்றன. சில கொடியவை, சில தொழிலாளிபோல உடை உடுத்தி வேலை செய்வதுபோல் பாசாங்கு மட்டும் செய்பவை. குச்சியை மறுத்தவர் பூதத்தை எப்படி ஏற்றார் என்று கேட்டால், தானே பார்த்தது அல்லது நம்பகமானவர் சொன்னது மட்டுமே எழுதுவேன் என்ற அவர் விதியில் இரண்டாம் பாதிதான் ஓட்டை. நம்பகமான ஆட்கள் பூதத்தைப் பார்த்ததாகச் சொன்னார்கள்!

வேதியியல் பகுப்பாய்வு அன்று இல்லாததால், ஒரே பொருள் நிற வேறுபாட்டால் பல கனிமங்களாக அவர் நூலில் பிரிந்து நிற்பதும் உண்டு.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

சாக்சனி லூதரின் புராட்டஸ்டண்ட் பக்கம் சாய்ந்துவிட்டது. இவர் கடைசிவரை கத்தோலிக்கர். உயிரோடு இருந்தவரை மேயராகவும் அரசருக்குத் தூதராகவும் வைத்துக்கொண்டவர்கள், இறந்தபின் கெம்னிட்ஸில் புதைக்க இடம் தரவில்லை. சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, ட்ஸைட்ஸ் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் இவரை மொழிபெயர்த்தாராமே?

உண்மைதான், ஆனால் அப்போது அவர் ஜனாதிபதி இல்லை; சுரங்கப் பொறியாளர். ஹெர்பர்ட் ஹூவரும் அவர் மனைவி லூ ஹென்றி ஹூவரும் சேர்ந்து செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1912-இல் லண்டனில் வெளிவந்தது. இருவரும் ஸ்டான்ஃபோர்டில் நிலவியல் படித்தவர்கள். லத்தீன் அறிவு லூவுடையது. 1929-இல்தான் ஹூவர் ஜனாதிபதியானார். பேச்சில் எல்லோரும் கணவர் பெயரை மட்டும் சொல்வது நியாயமில்லை.

லத்தீன் தெரிந்தால் மொழிபெயர்த்துவிட முடியாதா? ஏன் அவ்வளவு கஷ்டம்?

ரோமானியர்களுக்கு இல்லாத இயந்திரங்களை ரோமானியர் மொழியில் எழுதியதால்தான். தொழிலாளர்களின் ஜெர்மன் சொற்களுக்கு லத்தீனில் இணை கிடையாது. அக்ரிகோலா சிலவற்றுக்குப் பழைய சொல்லைப் புதுப் பொருளில் போட்டார், சிலவற்றைத் தானே உருவாக்கினார். வாசகர் தவிப்பார் என்று தெரிந்து, 1546 தொகுப்பின் இறுதியில் லத்தீன்–ஜெர்மன் சொற்பட்டியலும் சேர்த்தார். அது இல்லையென்றால் இன்று பாதி புத்தகம் விடுகதையாகியிருக்கும். 1557-இல் ஜெர்மனில் பெயர்த்த பெகியுஸ் என்ற பேசல் நகரப் பேராசிரியருக்குச் சுரங்கம் தெரியாது. பல இடங்களில் தடுமாறினார்.

ஓர் உதாரணம். ஆறாம் பகுதியில் சுரங்கத்துக்குள் பலகைப் பாதையில் தாது தள்ளும் சிறு வண்டி வருகிறது. நான்கு சின்னச் சக்கரங்கள். அடியில் ஓர் இரும்பு முளை இரண்டு பலகைகளுக்கு இடையிலுள்ள காடியில் மாட்டிக்கொண்டு வண்டியை வழி தவறாமல் ஓட்டும். அதற்கு அவர் வைத்த லத்தீன் பெயர் "கானிஸ்", நாய். லத்தீன் மட்டும் தெரிந்தவர் சுரங்கத்துக்குள் நாய் தாது இழுக்கிறது என்றே நினைப்பார். ஓடும்போது குரைப்பதுபோல் சத்தம் வருகிறதாம், அதனால் தொழிலாளர்கள் அப்படி அழைக்கிறார்கள் என்று அவரே விளக்கிவிடுகிறார். ஜெர்மன் சுரங்கத்தில் தாது வண்டியை இன்றும் "ஹுண்ட்" என்றுதான் சொல்கிறார்கள்.